“என்னப்பா எழுதியிருக்கு?” யாராலும் படிக்க முடியாத ஓவியம்!
பூம்புகார் மூட்டை எழுத்து முதல் சோழமண்டலம் வரை ஒரு கிறுக்கல் கதை

பூம்புகார்,-

பலகை நிறைய எழுத்து. மேலிருந்து கீழ்வரை வரிவரியாக எழுத்து. நடுவே ஜாதகக் கட்டம், ஒரு மீன், ஒரு பாம்பு, கூட்டல் கழித்தல் கணக்கு.

கிட்டே போய்ப் படித்துப் பார்த்தால் ஒரு சொல்கூட விளங்காது. எழுதியவரைக் கேட்டாலும் பயன் இல்லை. ஏனென்றால் அது படிப்பதற்காக எழுதப்பட்டதே அல்ல!

ஆனால் அந்தப் பலகையை லட்சக்கணக்கில் ரூபாய் கொடுத்து ஏலத்தில் எடுக்கிறார்கள்.

“இது என்ன கூத்து? என் பையன் கணக்கு நோட்டைக் கொடுத்தால் எவ்வளவு தருவார்கள்?” என்று நீங்கள் கேட்கலாம். அறுபது ஆண்டுகளாகப் பலரும் கேட்டு வரும் கேள்விதான் அது.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனால், வழி நேராகப் பூம்புகாரில் கொண்டு வந்து விடுகிறது. இதுபற்றிய விவரம் வருமாறு:-

மணலில் பெயர்

மயிலாடுதுறை மாவட்டத்தில், காவிரி கடலில் கலக்கும் இடம் பூம்புகார். சென்னையில் இருப்பவர்களுக்குப் பூம்புகார் என்றால் அரசு கைவினைப் பொருள் கடைதான் ஞாபகம் வரும். தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம் 1973-ம் ஆண்டு ஏற்பட்டது. அதன் கடைகளுக்கு இந்த ஊரின் பெயரைத்தான் வைத்தார்கள்.

ஊரில் இருப்பது சிலப்பதிகாரக் கலைக்கூடம். 1973-ம் ஆண்டு திறக்கப்பட்ட ஏழு நிலை மாடம். கண்ணகி கதையைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள்.

கலைக்கூடத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் கடற்கரை. சுற்றுலா வரும் பிள்ளைகள் எந்தக் கடற்கரையிலும் ஒரு வேலை செய்வார்கள். விரலால் மணலில் தங்கள் பெயரை எழுதுவார்கள். அலை வந்து அழித்துவிட்டுப் போகும். யாரும் கோபப்படுவதில்லை.

அதே பெயரைக் கோவில் தூணில் ஆணியால் கீறினால் போலீஸ் வரும். அதே பெயரைத் துணியில் எழுதிச் சட்டம் போட்டு மாட்டினால், நகரத்தில் பெரிய மனிதர்கள் வந்து வாங்குவார்கள்.

எழுத்து ஒன்றுதான். எழுதிய இடம் மாறினால் எல்லாமே மாறிவிடுகிறது.

பூட்டு இல்லாத கிடங்கு

எழுத்தை மூட்டையின் மேல் பார்த்த பழைய ஊர்களில் பூம்புகாரும் ஒன்று. சிலப்பதிகாரத்தில் இந்திர விழா நடக்கும் பகுதியில் இந்தச் செய்தி வருகிறது.

வெளியூர் வியாபாரிகள் சரக்கு மூட்டைகளை இங்கே இறக்கினார்கள். ஒவ்வொரு மூட்டையின் மேலும் சொந்தக்காரர் பெயரும், சரக்கின் கணக்கும் எழுதப்பட்டிருந்தன. அந்த எழுத்துக்குக் கண்ணெழுத்து என்று பெயர்.

கிடங்குக்குக் கதவு இல்லை. பூட்டு இல்லை. காவல்காரரும் இல்லை!

திருடன் வந்தால்? மூட்டையைத் தலையில் ஏற்றி, கழுத்து கடுக்கச் சுற்றிச் சுற்றி நடக்க வைக்குமாம் அந்த மன்றம். பொருளை மட்டும் கொண்டு போக விடாதாம்.

கதை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் அதில் ஒரு விஷயம் இருக்கிறது. மூட்டையில் எழுதிய பெயர்தான் அங்கே பூட்டு. கையெழுத்துக்கு அவ்வளவு மரியாதை.

இப்போதும் ரெகுலர் சர்வீஸ் லாரி ஆபீஸில் போய்ப் பாருங்கள். சாக்கு மூட்டையின் மேல் மையைத் தொட்டு ஊர் பெயரும் கடை எழுத்தும் எழுதியிருப்பார்கள். அந்த எழுத்துக்கு வயது இரண்டாயிரம்.

மாதவியின் சிவப்புக் கடிதம்

இந்த ஊரில் எழுதப்பட்ட இன்னொரு கையெழுத்து இன்னும் பிரபலம்.

கோவலன் கோபித்துக்கொண்டு போய்விட்டான். மாதவி அவனுக்குக் கடிதம் எழுதுகிறாள். ஓலையும் எழுத்தாணியும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

பலவகைப் பூக்களோடு வைத்துக் கட்டிய தாழம்பூ மடலை எடுத்தாள். பிச்சி மொட்டை எழுத்தாணி ஆக்கினாள். செம்பஞ்சுக் குழம்பைத் தொட்டு எழுதினாள்.

வெள்ளை மடல். சிவப்பு எழுத்து. சுற்றிலும் பூ. இது கடிதமா, ஓவியமா?

கோவலன் அதைக் கையில் வாங்கவே மறுத்துவிட்டான். படிக்காத கடிதமாகவே அது திரும்பிப் போனது.

பிறகு அவள் ஓலையில் எழுதிய இரண்டாவது கடிதம் காட்டு வழியில் அவனிடம் போய்ச் சேர்ந்தது. அதைப் படித்த கோவலன், வாசகம் தன் பெற்றோருக்கும் பொருந்துவதாகச் சொல்லி அவர்களுக்கே அனுப்பி வைத்தான். ஒரே கையெழுத்துக்கு இரண்டு அர்த்தம்!

எழுத்தைப் பார்ப்பது வேறு, படிப்பது வேறு என்பது அந்தக் காலத்திலேயே தெரிந்த சங்கதிதான்.

தந்தி இலாகா ஊழியர்

இனி, லட்ச ரூபாய்ப் பலகைக்கு வருவோம்.

அதை எழுதியவர் கே.சி.எஸ்.பணிக்கர். 1911-ம் ஆண்டு கோவையில் பிறந்தவர். தகப்பனார் இறந்ததும் படிப்பை நிறுத்திவிட்டுக் குடும்பத்துக்காகத் தந்தி இலாகாவில் வேலை பார்த்தார்.

செய்தியை ‘கட்டு கட கட’ என்று அடித்து அனுப்பும் வேலை. அதை விட்டுவிட்டு 25 வயது சுமாருக்குச் சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார்.

1850-ம் ஆண்டு அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் தொடங்கிய பள்ளி அது. பெரியமேட்டுப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்களுக்கு அந்தச் சிவப்புக் கட்டிடம் தெரிந்திருக்கும். மாணவராக நுழைந்த பணிக்கர், 1957-ம் ஆண்டு அதற்கே முதல்வர் ஆனார். அவருக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் உழைப்பாளர் சிலை செய்த ராய் சவுத்ரி.

பணிக்கர் முதலில் வரைந்தது எல்லோருக்கும் புரியும் படங்கள்தான். தென்னை மரம், வயல், தோணி, ஜனங்கள்.

1963-ம் ஆண்டு திடீரென்று மாறினார்.

கணக்கு நோட்டும் ஜாதகமும்

அந்த ஆண்டு தொடங்கிய வரிசைக்கு ‘சொற்களும் குறியீடுகளும்’ என்று பெயர். கடைசிக் காலம் வரை அதையே வரைந்தார்.

முதலில் கணக்கு அடையாளங்களும், எண்களும், ஆங்கில எழுத்தும் வந்தன. பிறகு அவருடைய தாய்மொழியான மலையாள எழுத்தின் சாயல் வந்தது. சாயல்தானே தவிர எழுத்து அல்ல. மலையாளம் தெரிந்தவர் படித்தாலும் தலையும் புரியாது, வாலும் புரியாது.

ஜாதகக் கட்டம், மந்திரத் தகடு, கோவில் சுவர்க் கோலம், பள்ளிக்கூட நோட்டு - எல்லாம் கலந்து கிடக்கும்.

பார்க்க வந்தவர்கள் திகைத்தார்கள். “படம் எங்கே?” என்றார்கள். “ஜோசியர் வீட்டுக் காகிதம் மாதிரி இருக்கே” என்றார்கள்.

உண்மையில் அதுதான் விஷயம்!

அதுவரை சீமை ஓவியத்தைப் பார்த்து நம்மவர்கள் வரைந்தார்கள். அல்லது அஜந்தாவைப் பார்த்து வரைந்தார்கள். நம் ஊர்க் கணக்குப் பிள்ளையின் பேரேடும், ஜோசியரின் கட்டமும், தறி நெய்பவரின் குறிப்பும் ஓவியம் ஆகும் என்று அவை முன்னே நிறுத்தியவர்களில் பணிக்கர் முக்கியமானவர்.

வைத்தீஸ்வரன் கோவில் பூம்புகாரிலிருந்து அதிக தூரம் இல்லை. அங்கே நாடி ஜோதிடம் பார்க்கிறவர் ஓலையைப் பிரித்ததும், எதிரே உட்கார்ந்திருப்பவர் அந்த எழுத்தையே வெறித்துப் பார்ப்பார். ஒரு எழுத்தும் அவருக்குப் புரியாது. ஆனால் நெஞ்சு படபடக்கும். தன் தலைவிதி அதில் இருக்கிறதாம்!

புரியாத எழுத்துக்கு ஒரு சக்தி இருக்கிறது. பணிக்கர் பிடித்தது அந்தப் படபடப்பைத்தான்.

கடலோரக் கிராமம்

படம் வரைந்தால் சோறு கிடைக்குமா? பள்ளியில் படித்து வெளியே வந்த பையன்களுக்கு அதுதான் கவலை.

பணிக்கரும் அவருடைய மாணவர்களும் ஒரு வழி செய்தார்கள். பாத்திக் துணி முதலிய கைவேலைப் பொருள்களைச் செய்து விற்றார்கள். அந்தக் காசில் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கடலோர மணல் நிலம் வாங்கினார்கள். 1966-ம் ஆண்டு ஓவியர் கிராமம் உருவானது.

அதற்கு வைத்த பெயர் சோழமண்டலம். சோழ மண்டலம் என்ற சொல்தான் வெள்ளைக்காரர் வாயில் ‘கோரமண்டல்’ ஆயிற்று. அந்தச் சோழர் கரையின் பழைய துறைமுகம் எது? பூம்புகார்தான்!

காலையில் துணிக்குச் சாயம் ஏற்றுவது, மாலையில் படம் வரைவது. அரசாங்கத்திடம் கையேந்தவில்லை. அன்று ஈஞ்சம்பாக்கத்தில் சவுக்குத் தோப்பும் மணலும்தான். இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் அந்த இடத்தின் விலை என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

பணிக்கர் 1977-ம் ஆண்டு காலமானார். திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் அவர் பெயரிலேயே ஒரு கலைக்கூடம் இருக்கிறது.

அந்தப் பள்ளியில் படித்த இன்னொருவர் கே.எம்.ஆதிமூலம். திருச்சி மாவட்டத்துக்காரர். சிறு பத்திரிகைகளின் தலைப்பையும் புத்தகங்களின் பெயரையும் தூரிகையால் எழுதி, தமிழ் எழுத்துக்கே புது முகம் கொடுத்தார். ஜூனியர் விகடனில் கி.ராஜநாராயணன் எழுதிய கரிசல் காட்டுத் தொடருக்கு இவர் படம் போட்டதைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். 2008-ம் ஆண்டு காலமானார்.

ஒருவர் படிக்க முடியாதபடி எழுதினார். மற்றவர் படிப்பதை அழகாக்கினார். இரண்டும் ஒரே பள்ளிக்கூடத்து வேலை.

மோனலிசாவுக்கு மீசை

இந்தக் கலாட்டா நம் ஊரில் மட்டும் நடந்தது அல்ல.

1919-ம் ஆண்டு பிரான்சு நாட்டு ஓவியர் மார்சல் டூஷாம், மோனலிசா படம் போட்ட தபால் அட்டையை எடுத்தார். பென்சிலால் மீசையும் குறுந்தாடியும் வைத்தார். கீழே ஐந்து எழுத்துகளைக் கையால் எழுதினார். அதைப் பிரெஞ்சு மொழியில் வேகமாகச் சொன்னால் ஒரு விரசமான வாக்கியம் வரும்! உலகப் புகழ் பெற்ற அழகியின் மானம் ஐந்து எழுத்தில் போனது என்று ரசிகர்கள் கொதித்தார்கள்.

அமெரிக்காவில் பாஸ்கியா என்ற இளைஞர் நியூயார்க் நகரச் சுவர்களில் இரவில் எழுதித் திரிந்தவர். பிறகு துணியிலும் எழுதினார். எழுதிய சொல்லைத் தானே அடித்தும் விடுவார். அடித்த சொல்லைத்தான் ஜனங்கள் உற்றுப் பார்ப்பார்கள் என்பது அவர் கணக்கு. 1988-ம் ஆண்டு 27 வயதில் இறந்தார். 1982-ல் அவர் வரைந்த மண்டையோட்டு ஓவியம் ஒன்று 2017-ம் ஆண்டு ஏலத்தில் 11 கோடி டாலருக்கு மேல் போயிற்று.

ஈரானில் பிறந்த ஷிரின் நெஷாத் 1993-ம் ஆண்டு முதல் வேறு ஒரு வேலை செய்தார். பெண்களின் புகைப்படத்தில் முகம், கை, பாதம் எங்கும் மையால் பார்சி மொழிக் கவிதையை எழுதினார். மொழி தெரியாதவர்கள் அதை மருதாணிக் கோலம் என்று நினைத்துப் போனார்கள். தெரிந்தவர்களுக்கு அது வாய் திறக்காத பெண்ணின் பேச்சு.

எரிந்த பேச்சு

மும்பை ஓவியர் ஜிதீஷ் கல்லட் 2003-ம் ஆண்டு செய்தது இன்னும் சூடானது.

1947-ம் ஆண்டு சுதந்திர நள்ளிரவில் நேரு பேசிய பேச்சைப் பெரிய கண்ணாடிப் பலகைகளில் ரப்பர் பசையால் கையால் எழுதினார். பிறகு அதற்குத் தீ வைத்தார்!

எழுத்து கருகியது. சூட்டில் பலகை நெளிந்தது. படிக்கப் போகிறவருக்குத் தன் முகமே கோணலாகத் தெரியும். 2002-ம் ஆண்டு குஜராத் கலவரத்துக்கு மறுவருடம் அது. அவர் என்ன சொல்ல வந்தார் என்பதை விளக்க வேண்டியது இல்லை.

யாழ்ப்பாணத்து ஓவியர் தா.சனாதனன் சத்தம் போடாமல் ஒரு வேலை செய்தார். போரில் வீட்டை இழந்து ஓடியவர்களிடம் ஒரு காகிதத்தைக் கொடுத்தார். “உங்கள் வீட்டை வரையுங்கள்” என்றார்.

அவர்கள் ஞாபகத்திலிருந்து வரைந்தார்கள். கிணறு இங்கே, சாமியறை இங்கே, மாமரம் இங்கே என்று அவரவர் கைப்பட வரைந்த கோடுகள். 2011-ம் ஆண்டு அது புத்தகமாக வந்தது. அதன் பெயரில் வரும் ‘தோம்பு’ என்பது அந்த நாட்டில் நிலப் பதிவேட்டுக்குப் பெயர்.

தாலுகா ஆபீஸில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். பத்திரம் போய்விட்டது. பட்டா போய்விட்டது. வீடும் இல்லை. கை மட்டும் மறக்கவில்லை.

மொட்டைக் கடுதாசி

கையெழுத்து ஏன் இப்படி மனிதரை உசுப்புகிறது? போலீஸ்காரரைக் கேட்டால் சொல்வார்.

மொட்டைக் கடுதாசி எழுதுகிறவன் பெயரை மறைப்பான். ஊரை மறைப்பான். இடது கையால் எழுதுவான். ஆனாலும் ‘ற’ போடுகிற விதத்தில், கொம்பு வளைக்கிற விதத்தில் மாட்டிக்கொள்வான். கையெழுத்து நிபுணரின் கருத்தைக் கோர்ட்டு கேட்கலாம் என்று 1872-ம் ஆண்டு சாட்சியச் சட்டமே சொல்லிற்று. 2024-ம் ஆண்டு ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும் அந்த இடம் இருக்கிறது.

அச்சு எழுத்துக்கு ஆள் கிடையாது. கையெழுத்துக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்கிறான். அவனுடைய அவசரம், நடுக்கம், கோபம் எல்லாம் வரியில் தெரியும். அதனால்தான் சுவரில் மாட்டிய கையெழுத்து, எதிரே நிற்பவரை ஏதோ கேட்பது போல இருக்கிறது.

தூணில் கீறினால் ஜெயில்

“அப்படியானால் நானும் கோவில் சுவரில் எழுதுகிறேன், அதுவும் கலைதானே?” என்று யாராவது கிளம்பினால் ஜாக்கிரதை!

பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்களைச் சேதப்படுத்துவது 1958-ம் ஆண்டு மத்தியச் சட்டப்படி குற்றம். 2010-ம் ஆண்டு திருத்தத்துக்குப் பிறகு 2 ஆண்டு வரை ஜெயில், அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஓவியர் தன் துணியில் எழுதுகிறார். கீறுகிறவன் ஊர்ச் சொத்தில் எழுதுகிறான். வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் அது பெரிய வித்தியாசம்.

தஞ்சை பெரிய கோவிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும். 1010-ம் ஆண்டு குடமுழுக்குக் கண்ட அந்தக் கோவிலின் சுவர் நெடுக எழுத்து. நானூறு ஆடல் பெண்களின் பெயரும், அவர்கள் குடியிருந்த தெருவும் வீடும்கூட அதில் இருக்கின்றன. போகிறவர்களில் நூற்றுக்கு எத்தனை பேருக்கு அதைப் படிக்கத் தெரியும்?

ஆனாலும் நின்று பார்க்கிறார்கள். கையால் தடவிப் பார்க்கிறார்கள். படிக்கத் தெரியாமலே அழகு என்கிறார்கள். பணிக்கரின் பலகை முன் நின்று கோபப்பட்டவரும் இங்கே கோபப்படுவதில்லை!

செல்லரித்த கிறுக்கல்

இதில் ஒரு பாடமும் இருக்கிறது.

ஓலைச் சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். வைத்தால் ஓலை பொத்துக்கொள்ளும். சொல்லுக்குச் சொல் இடமும் விட மாட்டார்கள். பார்த்தவுடன் படித்துவிட முடியாது.

அப்படி ஊர் ஊராகக் கிடந்த சுவடிகளை, செல்லரித்ததை எல்லாம், கும்பகோணம் கல்லூரியில் தமிழ் வாத்தியாராக இருந்த உ.வே.சாமிநாதையர் தேடிப் பிடித்து உட்கார்ந்து படித்தார். 1892-ம் ஆண்டு சிலப்பதிகாரத்தை அச்சில் கொண்டு வந்தார்.

“புரியாத கிறுக்கல்” என்று அவர் தூக்கிப் போட்டிருந்தால்? கலைக்கூடத்தில் கண்ணகிக்குக் கல் இல்லை. ‘பூம்புகார்’ என்று 1964-ல் வந்த சினிமாவும் இல்லை. மூட்டையில் எழுதிய பெயரும், தாழம்பூவில் எழுதிய கடிதமும் நமக்குத் தெரிந்தே இருக்காது.

போர்டு எழுதியவர்கள்

கை எழுதுவது குறைந்துகொண்டே வருகிறது. கடை வாசலில் ஏணி போட்டு, சாக்பீஸில் கோடு போட்டு, எனாமல் பெயிண்டில் போர்டு எழுதிய ஆர்ட்டிஸ்டுகள் எங்கே? பிளெக்ஸ் வந்தது, பிழைப்பு போனது. “மளிகை” என்ற சொல்லில் ‘ளி’யை வளைத்து அன்னப் பறவை ஆக்கிய கைகள் அவை.

திருவல்லிக்கேணியில் 1927-ம் ஆண்டு தொடங்கிய ‘முசல்மான்’ என்ற உருது நாளிதழ், கம்ப்யூட்டர் வந்த பிறகும் பல்லாண்டுகள் பக்கம் முழுவதும் கையாலேயே எழுதி அச்சிடப்பட்டது. அதைப் பார்க்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆள் வந்தார்கள். அதுவும் மாலைப் பத்திரிகைதான்!

இப்போது கடைக்காரர் மெஷினில் பில் போடுகிறார். குமாஸ்தா கீ-போர்டைத் தட்டுகிறார். காசோலையில் போடும் கையெழுத்துகூட அருமையாகிவிட்டது. இந்த நேரத்தில் ஒருவர் பலகை நிறையக் கையால் எழுதி மாட்டினால், அது கண்ணைக் குத்தத்தான் செய்யும்.

குத்தட்டும் என்றுதான் மாட்டுகிறார்கள்.

ஈஞ்சம்பாக்கம் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் ஒருநாள் இறங்கிச் சோழமண்டலத்தைப் பார்க்கலாம். என்ன எழுதியிருக்கிறது என்று தேட வேண்டாம். மாதவி கடிதத்தைக் கோவலன் ஒருமுறை வாங்கிப் பார்த்திருந்தால் எப்படிப் பார்த்திருப்பானோ, அப்படிப் பார்த்தால் போதும்.

பூம்புகார் மணலில் இன்றைக்கும் எந்தப் பிள்ளையாவது விரலால் பெயர் எழுதியிருக்கும். அலை வருவதற்குள் அது ஒருமுறை திரும்பிப் பார்த்திருக்கும்.